முட்டுக்கு மேல்

ஒரு சொட்டுத் தண்ணீர்தான் அவருடைய சோதனை. புதிதாக வருகிறவர் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்ததும், ததேயுஸ் அண்ணன் ஆள்காட்டி விரலைக் குளத்தில் முக்கி அவருடைய கால்சட்டையில் தொடைப் பக்கமாக ஒரு சொட்டு விடுவார். சொட்டு உருண்டு கீழே ஓடினால் நைலான். அங்கேயே பரந்து கறுத்து நின்றால் பருத்தி.

"குடிச்சிட்டு, கண்டியளா? பருத்தி வெள்ளம் குடிக்கும். போய் மாத்திட்டு வாங்க."

இதைச் சொல்லும்போது அவர் அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. குளத்தில் வேறு யாராவது இருந்தால் அவருடைய கண் தண்ணீரில்தான் இருக்கும். விரல் மட்டும் தொடையைத் தேடி வந்து சொட்டு விடும். கோபக்காரர்கள் சிலர் இதற்காகவே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற சாலையில், தென்னந்தோப்பு ஒன்றின் நடுவே இருக்கிறது இந்த நீச்சல் குளம். ஒரு முனையில் இடுப்பளவு தண்ணீர், மறு முனையில் ஆள் முங்கும். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஆண்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்கள். அந்த நேரத்தில் அண்ணன் வாசலுக்கு வெளியே, மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்திருப்பார். சாவி கொடுப்பது, துவர்த்து கொடுப்பது, பிய்ந்துபோன நீச்சல் உடைகளைத் தைப்பது என் வேலை. துவர்த்து என்றால் குளிக்கிற துண்டு, வெள்ளம் என்றால் தண்ணீர். மற்ற ஊர்க்காரர்கள் கேட்டுச் சிரிப்பதால் இதைச் சொல்கிறேன்.

நான் இருக்கிற ஜன்னல் சின்னது. பேசிப் பழக்கமில்லாதவள் என்பதால் அது எனக்குப் போதும். அந்த ஜன்னல் வழியாக நாலு வருடமாக அவரைப் பார்க்கிறேன்.

ஐம்பத்தெட்டு வயது. குட்டையான ஆள். தோள் மட்டும் இரண்டு ஆளுக்கு உள்ளது. காதில் எப்போதும் பஞ்சு. கழுத்தில் விசில், அதுவும் வலை பின்னுகிற நரம்பில் கட்டியது. சித்திரை வெயிலிலும் கணுக்கால் வரை நீலக் கால்சட்டை. அதற்குள்ளே நீச்சல் உடை இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் நாலு வருடத்தில் இரண்டே தடவைதான் அந்தக் கால்சட்டை கழன்றது. இரண்டும் ஆள் முங்கியபோது. கால்சட்டை தரையில் விழுந்த சத்தமும் அவர் தண்ணீரில் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. ஆளைத் தூக்கிக் கரையில் போட்டதும் முதல் வேலையாக அவர் துவர்த்தைத்தான் தேடினார்.

காலை ஏழு மணிக்கு நான் ஜன்னல் வழியாகத் தேநீர் நீட்டுவேன். அவர் திரும்பமாட்டார். இடது கை மட்டும் பின்னால் வந்து, விரல்களை விரித்துக் காத்திருக்கும். டம்ளரை அதில் வைக்க வேண்டும். மூன்று இட்டலியையும் அப்படியேதான் சாப்பிடுவார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, சட்னியைத் தடவித் தேடி.

"வெள்ளத்துல ஒரு ஆளு நிண்ணா எனக்குக் கழுத்து கெடையாது பேபி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். வளைகுடாவில் இருந்தபோது, கீழே விழுந்த துவர்த்து ஒன்றை எடுக்கக் குனிந்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் ஒரு குழந்தை தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. பிழைத்துக்கொண்டது. "பெழச்சிது. ஆனா அது என்னப் பாத்த பார்வ இருக்கே" என்றார்.

குளச்சலில் பிறந்தவர். அப்பா கட்டுமரக்காரர். இருபத்திரண்டு வயதில் வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் தரை துடைக்கப் போனார். குளத்தின் அடியில் ஒரு அம்மாள் தொலைத்த மோதிரத்தை ஒரே மூச்சில் எடுத்துக் கொடுத்ததால் துடைப்பத்திலிருந்து விசிலுக்கு மாறினார். பத்தொன்பது வருடம் அங்கே. அதன்பிறகு ஆறு வருடம் பயணிகள் கப்பல் ஒன்றின் நீச்சல் குளத்தில். ஆகவே உலகத்தில் எந்த நாட்டு ஆண்பிள்ளை என்ன உடுத்துக் குளிப்பான் என்று கேட்டால் அவர் மடமடவென்று சொல்வார். தண்ணீரில் யாரும் இல்லாத நேரமாக இருந்தால் கையால் அளந்தும் காட்டுவார்.

"அமெரிக்காக்காரன் முட்டு வரைக்கும் நிக்கரு போட்டுட்டுத்தான் வருவான். அதுல ரெண்டு பாக்கெட்டு வேற. வெள்ளத்துல பாக்கெட்டு எதுக்குடே, மீனு பிடிச்சுப் போடயா? ஜெர்மனிக்காரன் நேரெதிரு. எழுவது வயசு, வயிறு முன்னால வரும், ஆளு பொறத்தால வரும், ஜெட்டி எங்கயிண்ணு தேடணும். ஒரு கூச்சம் கெடையாது. பிரேசிலுக்காரனுக்கு ஜெட்டிக்க ரெண்டு பக்கத்துலயும் நாலு விரல் அகலம் இருக்கணும். அதுல ஒரு விரல் கொறஞ்சா அவனுக்கு நாணம். ஜப்பான்காரன் உண்டுல்லா, தோளுல ஒரு சின்னப் பூவு பச்ச குத்தியிருந்தான். எங்க ஹோட்டலுல அதுக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா அவன் ஊருல காட்டப்பிடாது போல. அவனே ஒரு பிளாஸ்திரி எடுத்து ஒட்டிட்டு எறங்கினான். அரபிக்காரனுக்கு தொப்புளுல இருந்து முட்டு வரைக்கும் மூடணும், அது அவங்க மார்க்கம்."

"நம்ம ஆளு?" என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

"நம்மாளு மூணு அடுக்காக்கும். உள்ள ஜெட்டி, அதுக்கு மேல நிக்கரு, அதுக்கு மேல துவர்த்து. சோப்பு எங்க போடுவான்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம்."

அவருடைய வீட்டுக்கு ஒருதடவை போயிருக்கிறேன். அவருடைய மனைவி வியாகுலம்மாள் ஆல்பம் காட்டினார். இருபத்தைந்து வருடப் படங்கள். எல்லாப் படத்திலும் அண்ணன் மார்பு வரைதான் இருந்தார். அதற்குக் கீழே கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது. "அம்மைக்கிட்ட காட்டணும்லா, அதான் வெட்டினேன். ஓட்டல்ல மேனேசருண்ணு சொல்லியாக்கும் என்னக் கெட்டிவெச்சது" என்றார் அவர். இன்றைக்கும் கணவருடைய நீச்சல் உடையைக் கொல்லைக் கொடியில் நேராகப் போடமாட்டார். அதன்மேல் ஒரு சேலையை விரித்துத்தான் காயப்போடுவார்.

இவ்வளவு கூச்சம் உள்ள வீட்டிலிருந்து வந்தவர்தான் எங்கள் குளத்துக்குச் சட்டம் எழுதினார். குளம் திறந்த புதிதில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் மச்சான் ஒருவர் கட்டியிருந்த சாரத்தோடு சாடினார். லுங்கியைத்தான் சாரம் என்கிறோம், குதிப்பதைச் சாடுவது என்கிறோம். சாரம் ஒரு பக்கம் போனது, ஆள் ஒரு பக்கம் போனார். சாரம் தண்ணீர் உறிஞ்சுகிற குழாயில் சுற்றிக்கொண்டு மோட்டார் புகைந்தது. ஆளின் கால் அந்தச் சாரத்தில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் பெயிண்டரை வரவழைத்து, பக்கத்தில் நின்று, சுவரில் மாட்டிய பலகை ஒன்றில் எழுதவைத்தார்.

'ஆண்கள் முட்டுக்கு மேல் நிற்கும் நைலான் உடை மட்டும்.'

முழங்கால் என்று எழுதலாமே என்று பெயிண்டர் கேட்டிருக்கிறார். "முழங்காலுண்ணா பாதி பேருக்கு எதுண்ணு தெரியாது. முட்டுண்ணு எழுது" என்றாராம். ஆனால் சட்டம் அவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். கப்பல் மார்செய் துறைமுகத்தில் நின்றபோது ஊருக்குள் ஒரு பொதுக்குளத்துக்குப் போயிருக்கிறார். அங்கே தொளதொளப்பான நிக்கருக்கு அனுமதி கிடையாது. இறுகப் பிடிக்கிற சின்ன ஜட்டிதான் போட வேண்டும். "அவன் நிக்கரு போட்டுட்டு ரோட்டுல நடப்பான், அந்தத் தூசி வெள்ளத்துல வரும், அதாக்கும் சட்டம். அங்கன ஒரு மிசினு இருக்கு. காசு போட்டா ஜெட்டி விழும். நம்ம ஊருல மிசினுல டீ விழும், அவன் ஊருல ஜெட்டி!"

கதை அதோடு முடியும். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் ஜன்னலுக்குள் இருந்து சிரித்திருக்கிறேன்.

போன மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஒன்பது மணிக்குமேல் குளம் காலியாகக் கிடந்த நேரத்தில், ஒரு பெண் தன் அப்பாவை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தாள். பெண்ணின் பெயர் நந்தனா. அப்பா கிருஷ்ணமணி, அறுபத்தாறு வயது, வாழையும் தென்னையும் போட்டிருக்கிற விவசாயி. நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம். அய்யாவழிக்காரர் என்று அதிலிருந்தே தெரிந்தது. கணுக்காலைத் தொடுகிற வெள்ளை வேட்டி. கையில் ஊன்றுகோல்.

வலது முட்டில் அறுவைச் சிகிச்சை செய்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. முட்டு மடங்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் தினமும் அரைமணி நேரம் நடந்தால் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருபதாம் தேதிக்குள் மடங்காவிட்டால் மயக்கம் கொடுத்து, ஆளைப் படுக்கப்போட்டு, பலமாக மடக்கிவிட வேண்டியிருக்குமாம். அவர்கள் வந்தது ஆறாம் தேதி. வீட்டுக் குளத்தில் படி வழுக்கும், கடலில் அலை தள்ளும். அதனால் இங்கே வந்தார்கள்.

நான் சாவியை எடுத்தேன். அவர் வாங்கவில்லை. பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

"முட்டுக்கு மேல்... இது ஆரு எழுதினது?"

"எழுதச் சொன்னது நாந்தான், அண்ணாச்சி" என்றார் ததேயுஸ் அண்ணன். தண்ணீரில் ஆள் இல்லை, அதனால் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எதுக்கு?"

"துணி கால்ல சுத்தும். ஆபத்தாக்கும்."

"எனக்க காலு. எனக்க ஆபத்து."

"அப்படி இல்ல அண்ணாச்சி. எல்லாருக்கும் ஒரே சட்டம். பிரான்சுல வெள்ளக்காரனுக்கே உண்டு."

கிருஷ்ணமணி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"எங்க பூட்டனுக்க காலத்துல இதே மாதிரி ஒரு சட்டம் இருந்து, தெரியுமா? எங்க ஆளுவ முட்டுக்குக் கீழ துணி எறக்கப்பிடாது. எறக்கினா அடி. அத மீறிட்டாக்கும் நாங்க வேட்டிய கரண்டக்காலு வரைக்கும் எறக்கினது. அத இப்போ நீ பலகையில எழுதி வெச்சு மறுபடியும் தூக்கச் சொல்லுதியா?"

"ஐயோ, இது ஜாதிக்குள்ளது இல்ல அண்ணாச்சி. அந்த வெள்ளக்காரன்..."

"அவனுக்க பூட்டன அவன் விருப்பத்துக்கு உடுக்க விட்டிருப்பாங்க. அவனுக்கு வலிக்காது. எனக்கு வலிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க கடல்பொறத்து ஆளுவளுக்கும் அதே சட்டந்தான் இருந்திருக்கும். நீ மறந்துபோனே. வா மக்கா, போலாம்" என்று மகளைப் பார்த்தார்.

"அப்பா, டாக்டரு சொன்னது ஓர்மை இருக்கா? இன்னும் பதினாலு நாளுதான் உண்டும்."

"ஓர்மை இருக்கு. அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு."

அன்று போய்விட்டார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தார்கள். நந்தனா வற்புறுத்திக் கூட்டிவந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவர் பலகைக்குக் கீழே போட்டிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மடங்காத காலை முன்னால் நீட்டி, அதன்மேல் துவர்த்தைப் போட்டு மூடி, அரைமணி நேரம் தண்ணீரைப் பார்த்தார். எழுந்து போனார். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமையும் அப்படியே.

அந்த நாட்களில் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளத்துக்கரை ஓடுகளில் கறை இல்லாத இடத்தில் எல்லாம் பிளேடு வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் ஜினோவிடம் போய்ப் பேசிப் பார்த்தார். ஜினோ முப்பது வயதுப் பையன், நல்லவன், ஆனால் முதலாளி என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து நிற்பான்.

"உங்க ரூலுதானே அண்ணே. ஒரு ஆளுக்கு வேட்டியோட விட்டா, நாளைக்கி மொத்த நாரோயிலும் சாரத்தோட சாடும். பொறவு மோட்டாரு புகைஞ்சா நீங்க காசு குடுப்பியளா?"

"அதுஞ் செரிதான்" என்று திரும்பி வந்தார்.

வியாழக்கிழமை அவர்கள் போன பிறகு, என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குளம் காலி. ஆனாலும் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பேபி, அந்த மார்செய் கத முழுசா உனக்குத் தெரியாது. மிசினுல ஜெட்டி விழுந்து. இத்துணூண்டு. எடுத்துப் போட்டேன். மேல எனக்க துவர்த்தச் சுத்திட்டுத்தான் கர வரைக்கும் போனேன். அதையும் எடுக்கணும்ணு சொல்லிட்டான் அந்தக் காவக்காரன். எடுத்தேன். முப்பது பேரு இருக்காங்க, எவனும் என்னப் பாக்கல்ல. அவனவன் அவன் வேலையப் பாக்கான். இவன் ஒருத்தன் மாத்திரம் பாத்துட்டே நிண்ணான். எனக்கத் தொழிலுதான் அவனுக்கும், பாக்கணும், செரிதான். ஆனா ஒரு நிமிசம் மூஞ்சத் திருப்பியிருந்தா நான் எறங்கியிருப்பேன். திருப்பல்ல. நான் எறங்காமலே வந்துட்டேன்."

"குளிக்கவே இல்லியா அண்ணே?"

"இல்ல. அந்த ஜெட்டி இன்னும் பெட்டியில கெடக்கு." பஞ்சு வைத்த காதைத் தேய்த்தார். "அவன் சட்டத்தக் கொண்டுவந்து நான் இஞ்ச எழுதி வெச்சிருக்கேன். எனக்க புத்தியப் பாரு."

பிறகு ஜன்னலில் கையை ஊன்றி, "பிள்ளே, நைலான்ல வேட்டி தைப்பியா?" என்று கேட்டார்.

தைக்கலாம் என்றேன். அதிகம் பேசாதவளாக இருந்தாலும் துணி விஷயத்தில் எனக்குச் சொல்ல இருந்தது. நிறம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும், அவர் வேறு நிறம் உடுக்கமாட்டார். ஆனால் வெள்ளை நைலான் நனைந்தால் கண்ணாடி. அதனால் இரட்டைத் துணி வேண்டும். அவிழாமல் இருக்க இடுப்பில் நாடா. முன்பக்கம் கால் வைக்க ஒரு திறப்பு. உள்ளே போட ஒரு நைலான் நிக்கர். எல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் பாராசூட் துணி வாங்கி வந்தார். இரவு வீட்டில் தைத்துக் காலையில் கொடுத்தேன். கீழ்க்கரையில் ஒரு விரல் அகலத்துக்கு, அய்யாவழிக்காரரின் கொடி நிறமான காவி வைத்தேன். அதை அண்ணன் கேட்கவில்லை, நானாக வைத்தது.

சனிக்கிழமை மதியம் குளத்தில் ஆள் இல்லாத நேரத்தில் அவரே அதை உடுத்துக்கொண்டு இறங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் சத்தம் கேட்டது.

"பிள்ளே! சொறிமீனு மாதிரி விரியுது!"

பார்த்தேன். இடுப்பைச் சுற்றி வெள்ளைத்துணி குடையாக மிதந்துகொண்டிருந்தது. நடுவில் அண்ணன் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். துணி கீழே நிற்கவில்லை என்றால் கிருஷ்ணமணிக்கு அதை உடுப்பதில் அர்த்தம் இல்லை.

அன்று மாலை அவர் குளச்சலுக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது சட்டைப்பை கனத்துத் தொங்கியது. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயக்குண்டுகள். பயறு அளவில் இருந்து நெல்லிக்காய் அளவு வரை. "வல எப்படி வெள்ளத்துல நேரா நிக்கிது? இதுதான். சின்னதாப் பாத்து வையி" என்றார். கரையைப் பிரித்து, விரல் அகலத்துக்கு ஒன்றாகப் பயறளவுக் குண்டுகளை உள்ளே வைத்துத் தைத்தேன். மறுபடி இறங்கிப் பார்த்தார். துணி காலை ஒட்டிக்கொண்டு நேராக நின்றது. இடுப்பளவு தண்ணீரில் இருபது தடவை போய்வந்தார். ஒருதடவைகூடச் சுற்றவில்லை.

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது பலகைக்குக் கீழே தரையில் நீலப் பெயிண்ட் செதில்கள் கிடந்தன. ஓடு சுரண்டுகிற பிளேடு ஜன்னல் விளிம்பில் இருந்தது. ஜினோ பலகைக்கு முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தான்.

"ஆண்கள்... நிற்கும் நைலான் உடை மட்டும். இது என்னதுண்ணே? ஆண்கள் உடைக்குள்ள நிக்காங்களா?"

"பின்னே, வெளிய நிப்பானுவளா?"

"முட்டுக்கு மேல் எங்க போச்சு?"

"எங்க எழுதியிருக்கு?" என்றார் அண்ணன். குளத்தில் நாலு பேர் நீந்திக்கொண்டிருந்ததால் அவர் முகம் ஜினோ பக்கம் வரவில்லை. கை மட்டும் பின்னால் வந்து, மடித்த வெள்ளைத் துணியை நீட்டியது. "நைலானாண்ணு சொட்டு விட்டுப் பாரு. சுத்துமாண்ணு நீயே உடுத்துட்டு நடந்து பாரு. சுத்திச்சுண்ணா எனக்க விசில நீயே கெட்டிக்கோ."

ஜினோ சொட்டு விட்டான். உருண்டது. "மொதலாளி கேட்டா?"

"எனக்க பேரச் சொல்லு."

ஒன்பதேகாலுக்கு நந்தனாவின் ஸ்கூட்டர் வந்தது. தேதி பதின்மூன்று. கிருஷ்ணமணி வழக்கம்போல் நாற்காலியில் உட்காரப் போனார்.

"அண்ணாச்சி, பலகைய ஒருக்கா வாசிங்க."

வாசித்தார். பிறகு எட்டி, சுரண்டிய இடத்தை விரலால் தடவினார்.

"பெயிண்டு எளகிட்டா?"

"எளகல்ல. எளக்கினேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் துணியையும் சாவியையும் ஜன்னல் வழியாக நீட்டினேன். கிருஷ்ணமணி துணியை விரித்து, நீளம் பார்த்தார். காவிக் கரையைப் பார்த்தார். கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது என்ன, ஈயமா?" என்றார்.

"வலைக்குள்ளது."

"என்ன மீனாக்கிட்டியா?" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

உடை மாற்றுகிற அறையிலிருந்து வர வெகுநேரம் ஆனது. நந்தனா என் பக்கத்தில் நின்றுகொண்டு, வண்டிச் சாவியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தாள். முதலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அதோடு ஈயக்குண்டுகள் ஓட்டில் உரசுகிற சத்தமும். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, முட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது வேட்டி. மேலே துவர்த்து. அவர் அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"சொட்டு விட்டுப் பாக்கல்லியா?"

"வேண்டாம் அண்ணாச்சி. பாத்தாச்சு."

"எல்லாருக்கும் செய்யது எனக்கும் செய்."

அண்ணன் குனிந்து விரலை முக்கி ஒரு சொட்டு விட்டார். அது வெள்ளையில் உருண்டு, காவியைத் தாண்டி, கிருஷ்ணமணியின் பெருவிரலில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"பைய எறங்குங்க. நாலு படி. கம்பிய விடாதீங்க."

ஊன்றுகோலை அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தார். முதல் படி. இரண்டாவது படி. தண்ணீர் கெண்டைக்காலுக்கு வந்தது. மூன்றாவது படிக்கு வலது காலைத் தூக்கினார், முடியவில்லை. நனைந்த துணியும் ஈயமும் காலைக் கீழே இழுத்தன. நான் தைத்த திறப்பு போதவில்லை. இன்னும் ஒரு சாண் விட்டிருக்க வேண்டும். மறுபடி தூக்கினார். மறுபடி முடியவில்லை. பக்கத்தில் நந்தனாவின் மூச்சு கேட்டது.

ததேயுஸ் அண்ணன் கரையில் அவருக்கு ஓர் அடி தள்ளி நின்றார்.

கிருஷ்ணமணி நின்று யோசித்தார். பிறகு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியின் கீழ்க்கரையைப் பிடித்து மேலே தூக்கினார். வாழைத்தோட்டத்தில் தண்ணீர் திருப்ப இறங்குகிறவர் வேட்டியை மடக்குவது மாதிரி. ஈயக்குண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக் கலகலத்தன. கரையை இடுப்பில் செருகினார். முட்டும், அதன் நடுவே மேலிருந்து கீழாக ஓடிய சிவந்த தையல் தழும்பும் வெளியே வந்தன.

தண்ணீரில் ஒரு ஆள் நின்றார். அண்ணன் கழுத்தைத் திருப்பினார். சுவரை, பலகையை, சுரண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது கை மட்டும் பின்னால் போய், தண்ணீர்ப் பக்கமாக நீண்டு, விரல்களை விரித்துக் காத்திருந்தது.